கடைசி வரியைப் பார்க்கவும்

எங்கள் ஆஸ்பத்திரியின் சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலருக்கே தெரியாது. சப்டைட்டில் அக்கா எங்கே என்று கேளுங்கள். ஸ்கேன் அறையைத் தாண்டி, பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருக்கும் நடையில் திரும்பி, மாடிப்படிக்குக் கீழே போங்கள் என்று எழுந்து நின்று வழி சொல்வார். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர். அவர் ஒருவர், குரல் பதிவு செய்கிற நான் இன்னொருவன். எனக்குப் பட்டப்பெயர் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்குக்கூட வைக்கத் தோன்றவில்லையே என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இன்சுலின் ஊசியை எங்கே போடுவது, படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படிப் புரட்டுவது, மாவுக்கட்டு நனையாமல் எப்படிக் குளிப்பது, இப்படி. முன்பெல்லாம் டாக்டர்கள் இதற்காகக் கூட்டம் போட்டு, சுவரில் ஸ்லைடு காட்டிப் பேசுவார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வரவே மாட்டார்கள். அதனால் அந்த ஸ்லைடுகளையே வீடியோவாக்கி இணையத்தில் ஏற்றி, லிங்கைப் போனுக்கு அனுப்புவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. டாக்டர் பேசுவதை நான் பதிவு செய்வேன். அக்கா அந்தக் குரலை ஸ்லைடுகளோடு கோத்து, பேச்சு முழுவதையும் எழுத்தில் கீழே ஓடவிடுவார். காது கேளாதவர்களுக்காக என்று ஆரம்பித்தது, இப்போது எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வலியில் முனகும்போது யார் போனில் சத்தம் வைத்துக் கேட்பார்கள்?

டாக்டர்கள் ஸ்லைடு செய்கிற அழகைப் பற்றி நான் தனியாகப் புலம்ப வேண்டும். மேலே ஆரம்பித்தால் அடிவிளிம்பு வரை எழுத்து. இடம் மிச்சமிருந்தால் படிப்புக்குக் குறைச்சல் என்று நினைப்பு. மிச்சமிருக்கிற ஒரு மூலையிலும் ஒரு பூச்செண்டு படத்தைச் சொருகுவார்கள். பிறகு மைக் முன்னால் உட்கார்ந்து, "இதை இப்படிப் பிடிச்சு, இதுக்குள்ள விடணும்" என்பார்கள். எதை எப்படிப் பிடித்து எதற்குள் விடுவது? அவர்கள் விரலை நீட்டியிருப்பார்கள். விரல் எங்கள் மைக்கில் பதிவாகாது.

அக்கா அங்கேதான் பிடித்துக்கொள்வார். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, "'இது'ன்னா எது டாக்டர்? பார்வை இல்லாதவங்க கேட்டா என்னன்னு புரிஞ்சுக்குவாங்க?" என்று கேட்பார். சிலர் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள். சிலர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்வார்கள். எப்படியும் திருப்பிச் சொல்லாமல் அந்த அறையை விட்டுப் போக முடியாது. குரங்குப் பிடி.

இந்த வேலைக்கென்று படித்தவர் இல்லை அக்கா. கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பேசினால் பேசுகிற வேகத்துக்கே தட்டுவார். ஆஸ்பத்திரியில் தட்டச்சு வேலைக்கு எடுத்தார்கள், பிறகு வீடியோ பிரிவு வந்தபோது வேறு ஆள் இல்லாததால் இங்கே தள்ளிவிட்டார்கள். தானாகவே கற்றுக்கொண்டார். பேச்சை மட்டுமல்ல, சத்தத்தையும் எழுத வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மானிட்டர் சத்தம் போட்டால் [மானிட்டர் எச்சரிக்கை ஒலி] என்று கீழே வரும். அது எப்போது கத்தும் என்று தெரியாத ஒருவர் வீட்டில் அந்தக் கருவியோடு தனியாக இருக்கப்போகிறார் அல்லவா, அவருக்காக.

பழக்கம் வீட்டிலும் தொற்றிவிட்டது. அவர் கணவர் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் எந்நேரம் வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. தாமதமாகும் நாட்களில் அக்கா போனில் சண்டை போடுவதில்லை. [நீண்ட மௌனம்] என்று ஒரு செய்தி அனுப்புவார். அந்த மனிதர் அலறிப் புடைத்துக்கொண்டு வந்துவிடுவார். கல்லூரியில் படிக்கும் மகள் இன்னும் ஒரு படி மேலே போய், அப்பா தூங்கும்போது எடுத்த படத்துக்குக் கீழே [குறட்டை தொடர்கிறது] என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். இதையெல்லாம் அக்கா என்னிடம் சிரிக்காமல் சொல்வார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். என் தாடியில் பாதி நரைத்தபிறகும் அப்படித்தான்.

வேலையில் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஒவ்வொரு வீடியோவையும் முடித்ததும் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்பார். இன்னொரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுக் கண்ணால் மட்டும் பார்ப்பார். இரண்டிலும் தேறினால்தான் இணையத்தில் ஏற்றுவார். "நாம செஞ்சதுல குறை இருந்தா அது நம்ம வீட்டுக்கு வராது தம்பி, நோயாளி வீட்டுக்குத்தான் போகும்" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் அலுப்பாகக்கூட இருக்கும். இவ்வளவு பார்க்கிறவரிடம் என்ன குறை வந்துவிடப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பச்சிளம் குழந்தைகள் வார்டின் ஹெட் நர்ஸ் எங்கள் அறைக்கு வந்தார். மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிற மனுஷி, ஆனால் குழந்தைகளுக்காக உயிரை விடுகிறவர். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. தன் வார்டில் ஒரு குறைமாதக் குழந்தை இருக்கிறது என்றார். பெண் குழந்தை. மற்ற எல்லாம் சரியாகிவிட்டது, உறிஞ்சிக் குடிக்கத்தான் இன்னும் தெம்பில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் பால். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தால் குழந்தையை அனுப்பிவிடலாம். ஆனால் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. சைகை மொழியில் எடுத்துச் சொல்ல வருகிற பெண்மணியோ பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். அதனால் எங்கள் வீடியோவின் லிங்கைக் கொடுத்து, இதில் இருப்பது போலவே செய்யுங்கள் என்று எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

அவர்களும் அப்படியே செய்கிறார்கள், ஒன்றே ஒன்றைத் தவிர. பால் இறங்கி முடிந்ததும் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் அவர்கள் செய்வதே இல்லை. குழாய் அடைத்து, பழையதை உருவிப் புதியதை நுழைக்க வேண்டி வந்தது, பிறகு மறுபடியும். பிஞ்சு மூக்கில் குழாய் நுழைக்கும்போது குழந்தை துடித்த துடிப்பை ஹெட் நர்ஸ் சொன்னார். அந்த அம்மாவுக்கு அழுகை கேட்காது. முகம் தெரியுமே.

"ஒரு நர்ஸ் செஞ்சும் காட்டியிருப்பாங்களே" என்று நான் மெல்லச் சொன்னேன். காட்டினார்கள்தான். ஆனால் நர்ஸின் கை ஓடுகிற வேகத்தில், கடைசியாக சிரிஞ்சில் ஊற்றியது தண்ணீரா, பாலின் மீதியா என்று எட்ட நிற்பவருக்குத் தெரியாது. மாஸ்க் போட்ட வாயைப் பார்த்தும் எதையும் புரிந்துகொள்ள முடியாது. அதனால், எல்லாம்தான் வீடியோவில் விவரமாக இருக்கிறதே என்று ஹெட் நர்ஸ் ஒரு தாளில், 'வீடியோவில் கடைசி வரியைப் பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, செய்கிறோமே, செய்கிறோமே என்று தலையாட்டினார்கள். அடுத்த தடவையும் தண்ணீர் விடவில்லை.

இதற்கிடையில் குழந்தையின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வெளியூரிலிருந்து வந்திருந்தார். தம்பியும் தம்பி மனைவியும் குளிக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம். அத்தைக்குக் காது கேட்கும். வீடியோவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவுவது உட்பட எல்லாவற்றையும் பிசகாமல் செய்து காட்டிவிட்டார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. குழாய் எடுக்கும் வரை, அதற்கு எத்தனை மாதம் ஆனாலும், குழந்தை அத்தை வீட்டில் இருக்கட்டும். அரை நாள் பஸ் பயணம். தாய்ப்பால் அவ்வளவு தூரம் போகாது, தாயும் மாதக்கணக்கில் போய்த் தங்க முடியாது. குழந்தையைக் கூட்டிப்போக அத்தை அன்றைக்கு மாலை வருவதாக இருந்தது.

"உங்க வீடியோ இவங்களுக்கு உதவாதுன்னு எழுதி வெச்சுக்கோங்க. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார் ஹெட் நர்ஸ்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வரி வீடியோவில் இருக்கிறது, தன் கையால் வைத்தது, பெரிய எழுத்தில் இருக்கிறது என்றார். இருக்கிறது என்றுதான் நானும் சொல்கிறேன், அவர்கள்தான் செய்வதில்லை என்றார் ஹெட் நர்ஸ். இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்துகொண்டே சண்டை போட்டார்கள். கடைசியில் அக்கா லேப்டாப்பை மூடி என் கையில் திணித்து, வாங்க தம்பி என்று கிளம்பிவிட்டார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த வரியை அவர்கள் மூக்குக்கு நேரே காட்டி, படியுங்கள் என்று சொல்லப்போகிறார். வார்டுக்குப் போகும் வழி முழுக்க அவருக்குக் கோபம்தான் இருந்தது, இரக்கம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கைகழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். கண்ணாடிப் பெட்டிகளின் நடுவே சுவரோரமாக இரண்டு நாற்காலிகள். அம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தார். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்பா தச்சு வேலை செய்பவர் என்று ஹெட் நர்ஸ் வழியிலேயே சொல்லியிருந்தார். விரல்களைப் பார்த்தாலும் தெரிந்தது. பால் கிண்ணம், சிரிஞ்ச், துணி மூன்றையும் அவர் ஒரு தட்டில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் அடுக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ இடித்தது. கோடு போட்டால் கோட்டிலேயே அறுக்கிற ஆள் மாதிரி இருந்தார். இப்படிப்பட்டவர் ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே விடுவாரா?

அக்கா லேப்டாப்பை ஒரு மேஜையில் வைத்து வீடியோவைத் திறந்தார். குழாயில் பால் விடும் ஸ்லைடு வந்ததும் நிறுத்தினார். அடிவிளிம்பில் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். 'கொதித்து ஆறிய தண்ணீர் சிறிதளவு விட்டுக் குழாயைக் கழுவி மூடவும்.' பெரிய எழுத்து, தடித்த எழுத்து.

அந்த அப்பா குனிந்து படித்தார். திரும்பப் படித்தார். பிறகு மனைவியின் தோளைத் தட்டி அவரையும் படிக்கச் சொன்னார். அந்தப் பெண் படித்துவிட்டுக் கணவரைப் பார்த்த பார்வையைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏமாந்துபோன முகம். கணவர் அவசரமாகப் பையிலிருந்து போனை எடுத்தார். அதே வீடியோவை, அதே ஸ்லைடை எடுத்து, அக்காவின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்தார்.

போனில் அந்த வரி இல்லை. அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பட்டைக்குள் வெள்ளை எழுத்தில் அக்காவின் சப்டைட்டில்: 'இந்தக் கடைசி வரியையும் மறந்துவிடாதீர்கள். மிகவும் முக்கியம்.'

அதற்கு மேலே தெரிந்த வரி, 'பால் தானாக இறங்கும் வரை காத்திருக்கவும், அழுத்த வேண்டாம்' என்பது. அவர்களுக்கு அதுதான் கடைசி வரி. அதைத்தான் அவர்கள் மறக்காமல், ஒரு நாளும் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்கள். செய்கிறோமே என்று தலையாட்டியதும் அதற்குத்தான்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவர் வேலை செய்யும் கணினியில் சப்டைட்டில் படத்துக்கு அடியில் தனிக் கட்டத்தில் ஓடும். ஸ்லைடு முழுசாகத் தெரியும். போனில் அது படத்தின் மேலேயே ஏறி உட்காரும். போனில் எழுத்து வருகிறதா என்று பார்ப்பார், அடியில் என்ன போகிறது என்று பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் ஸ்லைடு அவருக்கு மனப்பாடம், மறைந்த வரியையும் மனசு படித்துவிடும். சத்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு வரி தெரியும். ஹெட் நர்ஸும் அப்படித்தான் பார்த்தார், அத்தையும் அப்படித்தான். சத்தமில்லாமல் எழுத்தை மட்டும் படிக்கிறவர்களுக்கும், காது கேட்டால், நர்ஸ் வாயால் சொல்லிவிடுவார். யாருக்குச் சப்டைட்டில் இல்லாமல் முடியாதோ அவர்களுக்கு மட்டும்தான் அது அடியோடு மறைந்தது.

மற்ற வீடியோக்களிலும் பட்டை அடிவரியை மறைக்கிறதுதான். ஆனால் அங்கெல்லாம் டாக்டர் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லியிருப்பார், சொன்னது பட்டையிலேயே வந்துவிடும். 'இது'ன்னா எது என்று அக்கா விடாமல் கேட்டதால் இத்தனை நாள் தப்பித்தோம். இந்த ஒன்றில் மட்டும், பதிவு முடியும் நேரத்தில் குழந்தை டாக்டருக்கு வார்டிலிருந்து அவசர அழைப்பு வந்தது. இந்தக் கடைசி வரியையும் மறந்துவிடாதீர்கள் என்று ஒப்பித்துவிட்டு ஓடினார். திரும்ப வந்து படித்துத் தருகிறேன் என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. வரிதான் ஸ்லைடிலேயே இருக்கிறதே, குழாயில் பால் விடுகிறவர் கண்ணால் பார்க்காமலா இருக்கப்போகிறார் என்று அக்கா விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் விட்டுக்கொடுத்த ஒரே ஒரு 'இது' அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஸ்லைடைச் சுருக்கி மேலே ஏற்றி, அடியில் பட்டைக்கென்று இடம் விட்டார். தட்டச்சில் அவர் பிழை விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு எழுந்து, நேரே அந்தக் குழந்தை டாக்டரின் அறைக்குப் போனார். ஹெட் நர்ஸும் நானும் பின்னாலேயே போனோம்.

டாக்டர் முன்னால் அத்தைக்குக் குழந்தையை ஒப்படைப்பதற்கான தாள்கள் இருந்தன. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அவங்க செய்யாம விடல டாக்டர். அவங்களுக்குத் தெரியாம நான் மறைச்சுட்டேன்."

அந்த அப்பாவிடம் வாங்கி வந்த போனையும் லேப்டாப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு ஓடிப்போனது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாதி தப்பு என்னுடையது என்றார். அக்கா அதை மறுக்கவில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. நான் ஓடிப்போய் மைக்கை எடுத்துவந்து அறைக்கு வெளியே நடையிலேயே பிடித்தேன், டாக்டர் நின்றபடியே அந்த வரியைப் படித்துக் கொடுத்தார். பின்னணியில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும். வேறு நாளாக இருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

திருத்திய வீடியோவை அவர்கள் போனுக்கு அனுப்பினோம். அடுத்த பால் நேரத்துக்கு டாக்டர், ஹெட் நர்ஸ், நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அந்தப் பெண்தான் செய்தார். குழாயைச் சரிபார்த்தார், பாலை ஊற்றினார், அழுத்தாமல் காத்திருந்தார். பால் இறங்கியது. தண்ணீரை அளந்து ஊற்றினார், அது இறங்கும் வரை கண்ணை எடுக்கவில்லை, பிறகு மூடினார். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இதற்காகத்தான் ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கப் பார்த்தோம்.

மாலையில் அத்தை பெரிய பையோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். சந்தோஷமா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை போல. வீட்டில் தொட்டில்கூட ஏற்பாடு செய்திருந்தாராம். பிறகு எழுந்து போய்த் தன் தம்பி தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்து, பையை அவர் காலடியில் வைத்தார். பை நிறையக் குழந்தைத் துணிகள். ஹெட் நர்ஸ் தன் கையால் அந்த ஒப்படைப்புத் தாள்களைக் கிழித்தார்.

எல்லாம் சுபம் என்று நான் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா அந்த அம்மா முன்னால் போய்க் கை கூப்பினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, பரவாயில்லை என்று தலையாட்டவும் இல்லை. ஏன் செய்ய வேண்டும்? குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, போனில் எதையோ தட்டி, எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'எங்களுக்கு முன்னாடி?'

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஹெட் நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்கள் சட்டென்று தரையைப் பார்த்தன.

ஒருத்தர் இருந்தார் என்றார். போன வருஷம். அந்த அம்மாவுக்கு மட்டும்தான் காது கேட்காது, ஆண் குழந்தை. இதே குழாய், இதே அடைப்பு. குழந்தையைப் புகுந்த வீட்டார் பொறுப்பில் ஒப்படைத்து, அம்மாவிடம் பால் விடும் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். எழுதியது தான்தான் என்று ஹெட் நர்ஸ் சொன்னார்.

போன வருஷத்து அந்த அம்மாவின் போன் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தவரும் அவரே. அக்கா அன்றைக்கே எங்கள் அறையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு எழுதினார். தான் யார், வீடியோவில் எந்த வரி எப்படி மறைந்தது, அது யார் தப்பு என்று எல்லாவற்றையும் எழுதி, அந்த ஸ்லைடு லேப்டாப்பிலும் போனிலும் தெரிந்த விதத்தைக் காட்டும் இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கடைசியில் கேட்டிருந்தார். வெகுநேரம் பதில் வரவில்லை. நாங்கள் விளக்கை அணைக்கவில்லை, வீட்டுக்கும் கிளம்பவில்லை. அவர் கணவரிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன, எடுக்கவில்லை.

பிறகு வந்தது. அக்கா படித்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

'குழாய எப்பவோ எடுத்தாச்சு. பையன் நல்லா நடக்கறான். எல்லாரும் ஒரே வீடுதான். ஆனா ஓரகத்திதான் சோறு ஊட்டறாங்க, குளிப்பாட்டறாங்க. என்கிட்ட குடுக்க இன்னும் பயப்படறாங்க.'

அதற்கு என்ன எழுதுவது? மன்னித்துவிடுங்கள் என்று அக்கா எழுதினார், அழித்தார். வேறு ஏதோ எழுதினார், அதையும் அழித்தார். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கை காட்டினார். அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. கடைசியில் ஒன்றை எழுதி, எனக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டார். பிறகுதான் பார்த்தேன்.

'உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இதை உங்க வீட்டுக்கு நேர்ல வந்து எல்லார் முன்னாடியும் நான் சொல்லட்டுமா?'

இந்தத் தடவை பதில் உடனே வந்தது.

'வாங்க. என் மாமியார் வீட்ல இருக்கறப்போ வாங்க.'